ஒரே டிசம்பர், இரண்டு தயாரிப்புகள்

2005 டிசம்பர் 3, சனிக்கிழமை. ஹூஸ்டனில் டெக்சாஸ் பல்கலைக்கழக அணி கொலராடோவை 70–3 என்ற கணக்கில் தோற்கடித்தது. அதே நாளில் லாஸ் ஏஞ்சலீஸில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் யூஎஸ்சி அணி, ஒரே ஊர்ப் போட்டியாளரான யூசிஎல்ஏவை 66–19 என்று வென்றது. பருவம் தொடங்குமுன் வெளியான தரவரிசையில் யூஎஸ்சி முதலிடத்திலும் டெக்சாஸ் இரண்டாமிடத்திலும் இருந்தன. ஆளுக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள் முடிந்தபோதும் அதே வரிசை. இரண்டுமே தோல்வி காணவில்லை. இரண்டுக்கும் அடுத்த ஆட்டம் ஒன்றுதான்: 2006 ஜனவரி 4, பாசடீனாவின் ரோஸ் பவுல் அரங்கில், ஒன்றை ஒன்று எதிர்த்து, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தேசியச் சாம்பியன் பட்டத்துக்காக.

அந்த இரவைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். அதற்கு முந்தைய ஒரு மாதத்தைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. வாரம் ஓர் ஆட்டம் என்று மூன்று மாதம் ஓடிய அணி, திடீரென்று ஒரு மாதத்துக்கும் மேல் ஆட்டமே இல்லாமல் இருக்க வேண்டும். பிறகு, வாழ்நாளின் மிகப் பெரிய ஆட்டத்தில் முதல் நொடியிலேயே முழுக் கூர்மையோடு இறங்க வேண்டும். இந்தச் சிக்கல் இரு அணிகளுக்கும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிந்தது. ஆகவே ஒப்பிடுவதற்கு இதைவிட நேர்த்தியான இணை அமைவது அரிது. காலம் ஒன்று, கேள்வி ஒன்று, விதிமுறைகள் ஒன்று. விடைகள் மட்டும் வேறு. அந்த விடைகளையும் அருகில் சென்று பார்த்தால், வேறு என்று நாம் நினைத்தவற்றில் பாதி உறவு முறையாகவே தெரிகின்றன.

எதிரெதிர் என்று தோன்றும் இருவர்

மேலோட்டமாகப் பார்த்தால் இவ்விரு அணிகளும் இரு துருவங்கள். யூஎஸ்சி ஹாலிவுட்டின் அணி. அதன் பயிற்சித் திடலுக்கு வில் ஃபெரெல் போன்ற நடிகர்களும் ஸ்னூப் டாக் போன்ற பாடகர்களும் வந்து நிற்பார்கள். டெக்சாஸ் ஒரு மாநிலத்தின் அணி. நீளக் கொம்புள்ள மாட்டைச் சின்னமாகக் கொண்டது. யூஎஸ்சி 34 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்தது. 2003, 2004 ஆண்டுகளில் ஏபி செய்தி நிறுவனத்தின் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்று, மூன்றாவது பட்டத்துக்கு வந்து நின்றது. டெக்சாஸ் 19 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்தது; அதன் கடைசித் தேசியப் பட்டமோ 1970-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒன்று முடியைக் காக்க வந்தது, மற்றொன்று முடியைப் பறிக்க வந்தது.

இனி அதே இருவரைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். டெக்சாஸின் தலைமைப் பயிற்சியாளர் மேக் பிரவுன் பிறந்தது 1951 ஆகஸ்ட் 27. யூஎஸ்சியின் பீட் கரோல் பிறந்தது 1951 செப்டம்பர் 15. இருவருக்கும் இடையே 19 நாள்தான் இடைவெளி. ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளை எடுத்துக்கொண்டால் வியப்பு இன்னும் கூடுகிறது. யூஎஸ்சியின் மேட் லைனார்ட் 1983 மே 11-இல் பிறந்தார். டெக்சாஸின் வின்ஸ் யங் 1983 மே 18-இல். ஒரே வாரத்தின் இரு முனைகள். இருவருமே கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டில் ஓர் ஆட்டத்திலும் இறங்காமல், பயிற்சி மட்டும் செய்து, தகுதி ஆண்டைச் சேமித்து வைத்தவர்கள்.

பிறந்தநாள்கள் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். அரங்கத்தோடு அவர்களுக்கு இருந்த பழக்கத்தை அப்படி ஒதுக்க முடியாது. 2004 ஜனவரி 1-இல் இதே ரோஸ் பவுலில் யூஎஸ்சி மிச்சிகனை 28–14 என்று வென்றது. சரியாக ஓர் ஆண்டு கழித்து, 2005 ஜனவரி 1-இல், அதே அரங்கில் அதே மிச்சிகனை டெக்சாஸ் 38–37 என்று கடைசி உதையில் வென்றது. யூஎஸ்சிக்கு இது சொந்த ஊர் ஆட்டம் என்று பலரும் சொன்னார்கள். ஊர் சொந்தம்தான், ஆனால் ரோஸ் பவுல் யூசிஎல்ஏவின் தாய்த்திடல். டெக்சாஸ் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்ததுதான். ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கு முன் அங்கே வின்ஸ் யங் 192 யார்டு ஓடி நான்கு டச்டவுன் எடுத்திருந்தார். அந்தப் புல்லின் தன்மை, அந்தச் சுரங்க வழி, அந்த மாலை வெளிச்சம் எல்லாம் இரு அணிகளுக்கும் ஏற்கெனவே தெரிந்தவை. தயாரிப்பின் முதற்படியான இடப் பழக்கத்தில் இருவரும் கிட்டத்தட்டச் சமம்.

புறந்தள்ளப்பட்ட இரு பயிற்சியாளர்கள்

ஆழமான உறவு பயிற்சியாளர்களின் வரலாற்றில் இருக்கிறது. கரோல் தொழில்முறைக் கால்பந்தில் நியூயார்க் ஜெட்ஸ் அணியால் ஒரே பருவத்தில் நீக்கப்பட்டவர். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியாலும் மூன்று பருவங்களில் நீக்கப்பட்டவர். யூஎஸ்சி அவரை அழைப்பதற்கு முன் வேறு சிலரை அணுகி மறுப்புப் பெற்றிருந்தது. 2000 டிசம்பரில் அவர் நியமனம் பெற்றபோது எழுந்த முணுமுணுப்பு, முதல் பருவம் 6–6 என்று முடிந்தபோது உரத்தது.

பிரவுனை அதுவரை யாரும் நீக்கவில்லை. ஆனால் சிறந்த மாணவர்களைத் திரட்டத் தெரிந்தவர், பெரிய ஆட்டத்தை வெல்லத் தெரியாதவர் என்ற பெயர் அவரை விடாமல் துரத்தியது. 2000 முதல் 2004 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக ஓக்லஹோமாவிடம் தோற்றார். 2005 அக்டோபரில்தான் 45–12 என்று அந்தத் தளை அறுந்தது. டிசம்பர் 3-இல் கொலராடோவை வென்று பெற்ற பிக் 12 அணிக் கூட்டமைப்பின் பட்டம், தலைமைப் பயிற்சியாளராக அவர் பெற்ற முதல் கூட்டமைப்புப் பட்டம். அதற்குள் அவருக்கு வயது 54.

பழியைச் சுமந்த இருவரும் அதிலிருந்து கற்றது ஒரே பாடம் என்பதுதான் இந்த ஒப்பீட்டில் என்னை முதலில் நிறுத்தியது. இறுக்கத்தால் பயனில்லை என்பதே அது. கரோல் பயிற்சியை விளையாட்டாக மாற்றினார்: கதவைத் திறந்து வைத்தார், சத்தத்தை அனுமதித்தார், உதவிப் பயிற்சியாளர்களோடு தாமும் ஓடினார். பிரவுன் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். 2004 அக்டோபர் 16-இல் மிசூரிக்கு எதிரான ஆட்டத்தில் வின்ஸ் யங் தடுமாறியதால் பாதியில் வெளியே அமர்த்தப்பட்டார். அதன்பின் பயிற்சியாளர்கள் அவரைத் திருத்த முனைவதை விட்டு, அவர் இயல்பில் ஆட விட்டார்கள். வீரர்களின் இசை உடைமாற்றும் அறைக்குள் வந்தது. பிரவுன் அதைக் கேட்கவும் பழகினார். 19 ஆட்ட வெற்றித் தொடரின் முதல் ஆட்டம் எது என்று எண்ணிப் பார்த்தால், யங் வெளியே அமர்த்தப்பட்ட அந்த மிசூரி ஆட்டமேதான்.

ஒரு மாதத்தை நிரப்பும் இரு வழிகள்

இனி அந்த டிசம்பருக்குள் நுழைவோம். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏவின் விதிப்படி, பருவ காலத்தில் ஒரு மாணவர் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் அணி வேலையில் ஈடுபடக் கூடாது. வகுப்பில்லாத விடுமுறையில் இந்த வரம்பு இல்லை. எனவே பவுல் ஆட்டத்துக்கான மாதம் இயல்பாகவே இரண்டாகப் பிரிகிறது. முற்பகுதி தேர்வுகளுக்கு உரியது. பயிற்சி குறைவு, உடற்காயங்கள் ஆறுகின்றன, இளைய வீரர்களுக்குப் பந்து கிடைக்கிறது. பிற்பகுதி முழுக்கவும் எதிரணிக்கு உரியது. இடையில் கிறிஸ்துமஸ். அதன்பின் ஆட்ட நகரத்தில் தங்கல்: காலையில் பயிற்சி, பிற்பகலில் நிருபர்கள், மாலையில் டிஸ்னிலாண்டு, லாரீஸ் உணவகத்தில் மாட்டிறைச்சி விருந்து என்று ரோஸ் பவுலுக்கே உரிய சடங்குகள்.

இந்தச் சட்டகத்தை யூஎஸ்சி நிரப்பிய வழி, ஒவ்வொரு நாளையும் ஆட்டமாக்குவது. கரோலின் வாரத்தில் கிழமைகளுக்குப் பெயர் உண்டு. செவ்வாய் போட்டிக்கு உரியது: முதல்நிலைத் தாக்குதல் வீரர்கள் முதல்நிலைத் தடுப்பு வீரர்களோடு மோதுவார்கள், ஜெயித்தவர் யார், தோற்றவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். புதன் பந்தைப் பறிப்பதற்கும் பறிகொடுக்காமல் காப்பதற்கும் உரியது. வியாழன், எந்த நகர்வையும் பிழையால் மறுபடி செய்ய நேராத நாள். எதிரணி இல்லாத வாரங்களில்கூட எதிரணி இருப்பது போன்ற சூட்டை இந்த முறை உண்டாக்கியது. அதற்குத் தேவையான ஆள்பலம் அவர்களிடம் இருந்தது. இடி என்று பெயர்பெற்ற லென்டேல் வைட், மின்னல் என்று பெயர்பெற்ற ரெஜி புஷ், எறிவதற்கு லைனார்ட். தன்னோடு தானே மோதிப் பார்க்க, நாட்டிலேயே சிறந்த எதிரி யூஎஸ்சிக்குத் தன் திடலிலேயே கிடைத்தான்.

டெக்சாஸ் நிரப்பிய வழி, ஒரே விருப்பத்தை ஓர் ஆண்டாக அணையாமல் காப்பது. அவர்களுடைய ரோஸ் பவுல் தயாரிப்பு டிசம்பரில் தொடங்கியதாகச் சொல்ல முடியாது. மிச்சிகனை வென்ற இரவிலேயே, அடுத்த ஆண்டும் இங்கே வருவோம் என்ற எண்ணத்தோடுதான் யங் திடலை விட்டு வெளியேறினார். கோடையில் பயிற்சியாளர்கள் திடலுக்கு வர அன்றைய விதி இடம் தரவில்லை. அந்த மாதங்களில், ஒஹாயோ ஸ்டேட்டை வெல்ல விரும்புகிறவர்கள் மாலை ஏழு மணிக்கு வாருங்கள் என்று உடைமாற்றும் அறைப் பலகையில் எழுதி வைத்தார். வந்தார்கள். செப்டம்பர் 10-இல் கொலம்பஸில் 25–22 என்று வென்றார்கள். பயிற்சியாளர் இல்லாத இடத்தில் ஒருவர் கேட்டு மற்றவர்கள் கூடும் அந்தப் பழக்கமே டிசம்பரிலும் அணியைத் தாங்கியது.

ஒன்றில் சூடு பயிற்சியாளரின் அட்டவணையிலிருந்து வந்தது. மற்றொன்றில் ஒரு வீரரின் அழைப்பிலிருந்து வந்தது. ஆயினும் இரண்டிலும் அடிப்படை நம்பிக்கை ஒன்றே. ஒரு மாதத்தில் புதிதாகக் கற்பதற்கு அதிகம் இல்லை, ஏற்கெனவே தெரிந்ததைத் துருப்பிடிக்காமல் வைத்திருப்பதே வேலை என்று இருவரும் நம்பினார்கள். பட்டத்துக்கான ஆட்டம் என்றால் பயிற்சியாளர்கள் புத்தம்புது உத்திகளைத் திணிப்பார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். இங்கே இருவருமே அந்த ஆசையைக் கட்டுப்படுத்தினார்கள்.

போலி எதிரியை உருவாக்குதல்

தயாரிப்பின் மிக நுட்பமான பகுதி, எதிரணியாக நடிக்கும் துணைக்குழு. ஆட்டத்தில் இறங்க வாய்ப்பில்லாத மாணவர்கள் எதிரணியின் நகர்வுகளை அட்டைகளில் பார்த்து அப்படியே செய்து காட்டுவார்கள். முதல்நிலைத் தடுப்பு வீரர்கள் அவர்களை எதிர்கொள்வார்கள். எந்த முயற்சியில், எத்தனை யார்டு மிச்சமிருக்கும்போது, எதிரணி எதைச் செய்யும் என்று காணொளிகளை வெட்டி அடுக்கி வைத்திருக்கும் பயிற்சியாளர்களின் அறிவு இந்த மாணவர்களின் உடல் வழியாகத்தான் அணிக்குப் போய்ச் சேர்கிறது.

இந்த இடத்தில் இரு அணிகளும் ஒரே சுவரில் முட்டிக்கொண்டன. யூஎஸ்சிக்கு வேண்டியது ஒரு போலி வின்ஸ் யங். அவர் ஆறடி ஐந்து அங்குல உயரம். பந்தை ஓட்ட வீரரின் வயிற்றருகே நீட்டிப் பிடித்துக்கொண்டே, தடுப்பின் ஓரத்தில் நிற்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்ப்பார். அவர் உள்ளே பாய்ந்தால் பந்தைத் தாமே வைத்துக்கொண்டு வெளியே ஓடுவார். அவர் வெளியே நின்றால் பந்தை விட்டுவிடுவார். அரை நொடி முடிவு. நகர்வை யாரும் வரைந்து காட்டலாம். ஓடத் தொடங்கிய பின் அவர் எடுத்து வைக்கும் நீண்ட எட்டை எந்த மாற்று வீரரும் எடுத்து வைக்க முடியாது. சோம்பலாகத் தெரியும் அந்த ஓட்டத்தின் உண்மையான வேகம், அவரைத் துரத்திப் பிடிக்கப் போனவர்களுக்கு மட்டுமே விளங்கியது.

டெக்சாஸுக்கு வேண்டியது ஒரு போலி ரெஜி புஷ். நவம்பர் 19-இல் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டுக்கு எதிராக ஓட்டம், பிடிப்பு, உதைத் திருப்பம் எல்லாம் சேர்த்து 513 யார்டு கடந்தவர் அவர். முழு வேகத்தில் ஓடிவந்து, நடுவில் நின்று, வேறு திசையில் அதே வேகத்தை எட்டுவார். அதை நடித்துக் காட்டவும் ஆள் இல்லை. ஆகவே ஒரு மாதம் முழுக்க இரு தடுப்பு அணிகளும், உண்மையைவிட மெதுவான நிழல்களோடு பழகின. ஒருவகையில் இரு தயாரிப்புகளிலும் ஒரே அளவு இடைவெளி ஒரே இடத்தில் இருந்தது. ஆட்டம் தொடங்கியபின், தாக்குதல் அணிகள் இரண்டுமே சேர்ந்து 1,130 யார்டு குவித்ததில் இதற்கும் பங்கு உண்டு என்றே தோன்றுகிறது.

புகழும் புறக்கணிப்பும்

மனத் தயாரிப்பில் இரு அணிகளும் பெற்ற உணவு வேறு. டிசம்பர் முழுவதும் தொலைக்காட்சி, அந்த யூஎஸ்சி அணியை வரலாற்றின் தலைசிறந்த அணிகளோடு கற்பனையாக மோதவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் ஆடாத ஆட்டத்தை வென்றுவிட்டதாகவே வைத்துப் பேசியது. அது டெக்சாஸ் வீரர்களின் காதிலும் விழுந்தது. டிசம்பர் 10-இல் நியூயார்க்கில், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது அறிவிக்கப்பட்டது. 784 முதலிட வாக்குகளோடு புஷ் வென்றார். யங்குக்குக் கிடைத்தவை 79. முந்தைய ஆண்டின் வெற்றியாளர் லைனார்ட் மூன்றாமிடம் பெற்றார். யங்கின் ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது.

ஒருவருக்குப் புகழ், மற்றவருக்குப் புறக்கணிப்பு. பிந்தையதே நல்ல எரிபொருள் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் யூஎஸ்சியின் நிலையை நியாயமாகப் பார்க்க வேண்டும். 34 வெற்றிகளும் மெத்தையில் கிடைத்தவை அல்ல. அக்டோபர் 15-இல் நோட்டர் டேமில் 34–31 என்று கடைசி நொடிகளில்தான் தப்பித்தார்கள். அந்தத் தொடருக்கு முன் அவர்கள் கடைசியாகத் தோற்றது 2003 செப்டம்பரில் கலிஃபோர்னியாவிடம். அங்கும் கணக்கு 34–31. விளிம்பில் நின்று பழகியவர்கள் அவர்கள். தொழில்முறைப் பணத்தை ஓர் ஆண்டு தள்ளிவைத்துக் கல்லூரிக்குத் திரும்பிய லைனார்டிடம் அலட்சியத்தைத் தேடுவது பொருந்தாது. புகழ் அவர்களை மயக்கவில்லை. தங்கள் முறை எப்போதும் கடைசியில் பலிக்கும் என்ற உறுதியைக் கொடுத்தது. டெக்சாஸுக்கும் அதே உறுதி இருந்தது, வேறு ஊற்றிலிருந்து.

தயாரிப்பைச் சோதித்த இரண்டு இணைகள்

ஜனவரி 4 இரவு, 93,986 பேர் முன்னிலையில் இந்தத் தயாரிப்புகள் சோதிக்கப்பட்டன. ஆட்டத்தை முழுவதும் திரும்பச் சொல்லத் தேவையில்லை. நம் ஒப்பீட்டுக்கு இரண்டு இணைகள் போதும்.

முதல் இணை, இரண்டாம் பகுதியில் நிகழ்ந்த இரு பக்கவாட்டு வீச்சுகள். புஷ் ஒரு பந்தைப் பிடித்து நெடுந்தூரம் ஓடினார். மடக்கப்படும் தறுவாயில், எதிர்பாராதிருந்த சக வீரரை நோக்கிப் பந்தைப் பக்கவாட்டில் எறிந்தார். அது தரையில் உருண்டு டெக்சாஸின் கைக்குப் போனது. சற்று நேரத்தில் யங்கும் ஓடினார், மடக்கப்பட்டார், பந்தைப் பக்கவாட்டில் சக வீரர் செல்வின் யங்கிடம் எறிந்தார். அவர் டச்டவுனுக்கு ஓடினார். வின்ஸ் யங்கின் முழங்கால் அதற்கு முன்பே தரையைத் தொட்டிருந்ததைப் பின்னர் காணொளியில் பார்க்க முடிந்தது. நடுவர்கள் அதை மறுஆய்வு செய்யவில்லை. ஒரே செயல், ஒரே துணிவு, நேர் எதிரான பலன். வாரந்தோறும் புதன்கிழமையைப் பந்தைக் காப்பதற்கு ஒதுக்கிய அணி அதைத் தவறவிட்டது என்பது உண்மை. எந்தத் துணிவு புஷ்ஷை 513 யார்டு ஓட வைத்ததோ அதே துணிவுதான் அந்தப் பந்தையும் எறிந்தது என்பதும் உண்மை. இயல்பில் ஆட விடும் பயிற்சிக்கு இது செலவு. அன்று அந்தச் செலவு ஒருவர் கணக்கில் மட்டும் ஏறியது.

இரண்டாம் இணை இன்னும் செறிவானது. நான்காம் பகுதியில் 6 நிமிடம் 42 நொடி மிச்சமிருந்தபோது யூஎஸ்சி 38–26 என்று முன்னணியில் இருந்தது. யங் 17 யார்டு ஓடி அதை 38–33 ஆக்கினார். இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரம் மிச்சமிருக்க, டெக்சாஸின் 45-ஆவது யார்டில் யூஎஸ்சிக்கு நான்காவது, கடைசி முயற்சி. தேவை இரண்டு யார்டு. உதைத்துப் பந்தைத் தூர அனுப்பலாம். கரோல் அனுப்பவில்லை. பந்தைத் திரும்ப யங்கிடம் கொடுக்காமல் இருப்பதே சிறந்த தடுப்பு என்று கணித்து, அன்று 124 யார்டு ஓடி மூன்று டச்டவுன் எடுத்திருந்த வைட்டை நேராக உள்ளே அனுப்பினார். தடுப்பு வரிசை குவிந்தது. டெக்சாஸின் தடுப்பு வீரர் மைக்கேல் ஹஃப் குறுக்கே பாய்ந்தார். வைட் ஒரு முழு யார்டு போதாமல் விழுந்தார். அந்த நொடியில் ஹைஸ்மன் வெற்றியாளர் புஷ் திடலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

அடுத்து டெக்சாஸின் முறை; 56 யார்டு போக வேண்டும். நடுவில் 12 யார்டு தேவைப்பட்ட மூன்றாம் முயற்சியில் ஏழு யார்டு மட்டுமே கிடைத்தது. மடக்கும்போது யூஎஸ்சி வீரர் ஒருவர் முகக்கவசத்தைப் பிடித்துவிட, தண்டனையாக ஐந்து யார்டு சேர்ந்து கணக்கு சரியாகப் பன்னிரண்டு ஆனது. கடைசியில் எட்டாவது யார்டில் நான்காவது முயற்சி. தேவை ஐந்து யார்டு. மிச்சம் 26 நொடி. யங் பந்தைப் பெற்றுப் பின்வாங்கினார், பிடிக்க ஆள் தேடினார், கிடைக்கவில்லை. வலப்பக்கம் திரும்பி மூலைக் கம்பத்தை நோக்கி ஓடி உள்ளே போனார். 19 நொடி மிச்சம். கூடுதல் இரண்டு புள்ளிகளையும் அவரே ஓடி எடுத்தார். 41–38.

இரு கடைசி முயற்சிகளையும் அருகருகே வைத்தால், முதலில் தெரிவது ஒற்றுமை. இருவருமே புதிதாக எதையும் முயலவில்லை. யூஎஸ்சி பருவம் முழுக்கச் செய்ததைச் செய்தது, டெக்சாஸும் அப்படியே. நெருக்கடியில் தம் இயல்புக்குத் திரும்ப வேண்டும் என்றே இருவரும் ஒரு மாதம் பயின்றார்கள், இருவரும் திரும்பினார்கள். அந்த அளவில் இரண்டு தயாரிப்புகளும் பலித்தன.

அடுத்து தெரிவது வேற்றுமை. இந்தக் கட்டுரைக்கு அதுவே முக்கியம். யூஎஸ்சியின் தயாரிப்பு பல நட்சத்திரங்களை ஒருசேர வளர்த்தது. அதனால் தீர்மானமான நொடியில் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் வந்தது: இடியா, மின்னலா, லைனார்டின் கையா? எந்தத் தேர்வும் மற்ற இரண்டைக் கைவிடுவது. டெக்சாஸின் தயாரிப்பு ஒருவரை நோக்கிக் குவிந்தது. அதனால் தேர்ந்தெடுக்க எதுவும் மிச்சமில்லை. எறிந்தாலும் ஓடினாலும் பந்து யங்கின் கையில்தான். வளம் முடிவைக் கோருகிறது, குவிப்பு முடிவை முன்கூட்டியே எடுத்துவைக்கிறது. ஆனால் குவிப்பின் ஆபத்தையும் எடைபோட வேண்டும். யங் ஒரே ஒருமுறை வழுக்கியிருந்தால் டெக்சாஸிடம் மாற்று வழி இருந்திருக்காது. யூஎஸ்சியிடமோ ஆட்டத்தின் பெரும்பகுதி முழுக்க மாற்று வழிகள் இருந்தன; அந்த அணி 38 புள்ளிகள் எடுத்ததே அவற்றால்தான்.

எண்களும் இந்தச் சமநிலையைச் சொல்கின்றன. முதல் டவுன்கள் இரு பக்கமும் முப்பது. மொத்த யார்டுகள் யூஎஸ்சிக்கு 574, டெக்சாஸுக்கு 556. லைனார்ட் 40 எறிதல்களில் 29-ஐச் சேர்ப்பித்தார், யங் 40-இல் 30-ஐ. பருவம் முழுவதற்கும் பார்த்தால் டெக்சாஸ் 13 ஆட்டங்களில் 652 புள்ளிகள், யூஎஸ்சி 638. தனித்து நிற்பது ஒன்றே: யங் கையாலும் காலாலும் சேர்த்து எடுத்த 467 யார்டு.

பிறகு நீண்ட உறவு

இரு தயாரிப்புகளுக்கும் இடையே இருந்த உறவு அந்த இரவோடு முடியவில்லை. லைனார்டின் தாக்குதல் முறையை வடிவமைத்த நார்ம் சௌ, 2005 பருவத்துக்கு முன்பே யூஎஸ்சியை விட்டுத் தொழில்முறை டென்னசி டைட்டன்ஸ் அணிக்குப் போயிருந்தார். 2006-இல் அந்த அணி தேர்ந்தெடுத்த குவார்ட்டர்பேக் வின்ஸ் யங். யூஎஸ்சியின் குவார்ட்டர்பேக்கை உருவாக்கியவரின் பயிற்சியிலேயே யங் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருதைப் பெற்றார். அன்று யூஎஸ்சியின் குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி அளித்த ஸ்டீவ் சார்கிசியன், 2021-இல் டெக்சாஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். டெக்சாஸின் தடுப்புப் பொறுப்பில் இருந்த ஜீன் சிசிக், 2010 பருவத்தில் ஆபர்ன் அணியைத் தலைமையேற்று நடத்தித் தேசியப் பட்டம் வென்றார். ஓடவும் எறியவும் வல்ல ஒரே குவார்ட்டர்பேக்கைச் சுற்றிக் கட்டிய அணி அதுவும்.

பதிவேடு மட்டும் சமநிலை காக்கவில்லை. புஷ் விதிமீறலான பணப்பலன்கள் பெற்றதாக 2010-இல் என்சிஏஏ தீர்ப்பளித்து, யூஎஸ்சியின் 2005 பருவ வெற்றிகள் அனைத்தையும் நீக்கியது. பன்னிரண்டு வெற்றிகள் போய், ரோஸ் பவுல் தோல்வி மட்டும் நின்றது. புஷ் விட்டுக்கொடுத்த ஹைஸ்மன் விருது 2024 ஏப்ரலில் அவரிடம் திரும்பியது. ஏட்டிலிருந்து எண்களை எடுத்துவிட்டாலும், அந்த டிசம்பரில் யூஎஸ்சி வீரர்கள் எப்படிப் பயின்றார்கள் என்பதை எடுத்துவிட முடியாது. அது டெக்சாஸ் பயின்றதற்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை.

ஆகவே ஓர் அணியின் பவுல் தயாரிப்பை மதிப்பிட வெற்றி தோல்வியை அளவுகோலாக எடுப்பது போதாது. அப்படி எடுத்தால், மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஒரு முறை மேதைமையாகவும் மற்றொரு முறை பிழையாகவும் ஆகிவிடும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு. ஆட்டமில்லாத மாதத்தில் அணியின் சூட்டை எது காத்தது? கடைசி முயற்சியில் தீர்மானிக்க என்ன மிச்சமிருந்தது? முதல் கேள்விக்கு இரு அணிகளும் சிறந்த விடை வைத்திருந்தன. இரண்டாவதில், வளம் மிகுந்த அணிக்குக் கடினமான வினா வந்தது. ஒருவரை நம்பிய அணிக்கு அந்த வினாவே வரவில்லை. இனி ஒரு பட்டத்துக்காகப் பல நட்சத்திரங்களோடு தயாராகும் எந்த அணியும் டிசம்பரிலேயே உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டியது இதைத்தான்: கடைசி இரண்டு யார்டுக்கு யார் கையில் பந்து?